விடை தெரிந்த பியூரெட்

செய்முறைத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் வேதியியல் ஆசிரியர்கள் கூடும் இடங்களில் ஒரு வாதம் எழும். பருமனறி பகுப்பாய்வில் முடிவின் துல்லியத்துக்குத்தான் மதிப்பெண் தர வேண்டும், எண் யாருக்கும் சலுகை காட்டாது என்பது அந்த வாதம். அண்மையில் நான் மதிக்கும் ஆசிரியர் ஒருவரே இதை அழுத்தமாகச் சொன்னார்: “பையன் எப்படிச் செய்கிறான் என்று பார்த்து மார்க் போட்டால், பிடித்தவனுக்கு ஒன்று பிடிக்காதவனுக்கு ஒன்று என்று ஆகிவிடும். வேல்யூ வந்தால் மார்க், வராவிட்டால் இல்லை. இதைவிட நேர்மையான தேர்வு ஏது?” நேர்மையைக் காக்கவென்று முன்வைக்கப்படும் இந்த முறைதான் பள்ளி ஆய்வகத்தில் நேர்மையை முதலில் கொல்கிறது என்பது என் நெடுநாளைய கருத்து.

தரம்பார்த்தல் என்ற சோதனையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மின்சாரம் இல்லாத பள்ளியிலும் நடக்கும். ஒரு பியூரெட், ஒரு பிப்பெட், ஒரு கூம்புக் குடுவை போதும். நிறமற்ற கரைசலில் ஒரே ஒரு துளி விழுந்து இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் நொடியில் மாணவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்த்த எவரும் இதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லமாட்டார்கள். வாய்மொழித் தேர்வில் தயங்கித் தடுமாறும் பிள்ளைக்கு எண் ஒரு பாதுகாப்பு என்பதும் உண்மை. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியின் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். பியூரெட் அளவீட்டு அட்டவணையில் தொடக்க அளவு 0, இறுதி அளவு 19.5. அடுத்த வரியிலும் 0, 19.5. ஒத்த மதிப்பு 19.5. பக்கம் புரட்டினால் வேறு சோதனை, அதே ஒழுங்கு. பியூரெட்டை நிரப்பும் எந்தக் கையும் ஒவ்வொரு முறையும் பிறைத்தளத்தைச் சரியாகச் சுழியில் நிறுத்தாது. 0.3இல் நிற்கும், 0.15இல் நிற்கும். இரண்டாம் முறைக்கு மீண்டும் நிரப்பாமல் 19.8இலிருந்து தொடர்வதும் முற்றிலும் சரியான செய்முறையே. ஆனால் நோட்டில் சுழிதான் இருக்கும். இந்த அட்டவணை பியூரெட்டைப் பார்த்து எழுதப்படுவதில்லை. முதலில் விடை, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கு, கடைசியில் அளவீடு என்ற வரிசையில் பிறக்கிறது.

தேர்வு நாளில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கும். முதல் தரம்பார்த்தல் முடிந்ததும் மாணவர் அட்டவணையில் எதையும் எழுதுவதில்லை, பக்கத்து மேசையைப் பார்க்கிறார். “உனக்கு எவ்வளவு?” என்ற கேள்வி உதடு அசையாமல் போகிறது. பதில் 18.9 என்றால், தன் பியூரெட் 19.4 காட்டினாலும் தாளில் 18.9 ஏறுகிறது. இரண்டாவது முறை செய்யவே வேண்டியதில்லை, ஒத்த மதிப்பு கையில் இருக்கிறதே! இப்படிச் செய்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். வகுப்பின் மிகக் கவனமான பிள்ளைகள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். தன் கண்ணுக்கும் தேர்வாளர் கையிலுள்ள எண்ணுக்கும் மோதல் வந்தால் எது வெல்லும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கருவிகள் அப்படியொரு ஒற்றுமையைத் தரக்கூடியவையா என்றும் பார்க்க வேண்டும். பள்ளிகளில் உள்ள 50 மி.லி. பியூரெட்டில் மிகச்சிறிய பிரிவு 0.1 மி.லி. இரண்டாம் தரக் கண்ணாடியில் அந்தப் பியூரெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 0.1 மி.லி.தான். முதல் தரத்தில் 0.05. 20 மி.லி. பிப்பெட்டுக்கு இரண்டாம் தரத்தில் 0.06. பியூரெட் நுனியில் திரளும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. நிறம் மாறியதைக் கண்டு திருகை மூடுவதற்குள் இரண்டு துளி கூடுதலாக விழுந்தால் 0.1 மி.லி. போய்விட்டது. கண் பிறைத்தளத்துக்கு நேராக இல்லாமல் சற்று மேலே இருந்தால் இன்னும் கொஞ்சம். கரும் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டில் அடிப்பிறை தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். அதைத் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் முடிவில் வேறு மாதிரியும் படித்தால் வேறுபாடு பின்னும் கூடும். ஒரு நல்ல மாணவர் ஒழுங்காகச் செய்து 19.3, 19.6, 19.45 என்று மூன்று அளவீடுகளைப் பெற்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பியூரெட்டும் அந்தக் கையும் சேர்ந்து எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதை அந்தச் சிதறல்தான் சொல்கிறது. சோதனையின் மிக மதிப்புள்ள செய்தி அதுதான். நம் முறை அந்தச் செய்தியையே அழிக்கச் சொல்லிக் கொடுக்கிறது.

தேர்வாளர் கையிலுள்ள “உண்மையான” எண்ணின் நிலையும் திடமானதல்ல. பெர்மாங்கனேட் கரைசல் வைத்திருக்க வைத்திருக்கச் சிதையும். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். பெரிய கேனில் செறிவான கரைசலை ஊற்றித் தண்ணீர் சேர்த்து, போதுமான அளவு குலுக்காமல் விட்டால், அடியில் ஒரு செறிவும் மேலே ஒரு செறிவும் இருக்கும். முதலில் பிடித்த குழுவுக்கும் கடைசியில் பிடித்த குழுவுக்கும் கிடைப்பது ஒரே கரைசல் அல்ல. அன்று காலை ஆசிரியர் ஒருவர் அதே தரக் கருவிகளால் செய்து பார்த்த தரம்பார்த்தலின் விடைதான் பெரும்பாலும் அளவுகோல். அந்த ஓர் எண்ணுக்கு அருகில் வராததற்காக ஒரு பிள்ளையின் மதிப்பெண் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. எண் சலுகை காட்டாது என்பவர்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

தரம்பார்த்தல் பிறந்த இடத்தில் விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சின் ரூவான் நகரில், துணி வெளுக்கும் தொழிலுக்காக டெக்ரோய்சில் என்ற வேதியியலாளர் ஒரு குறியிட்ட குழாயைப் பயன்படுத்தினார். வெளுப்பு நீர் வலுவாக இருந்தால் துணி நைந்துவிடும், வலுவற்றிருந்தால் அழுக்கு போகாது. இன்று வந்த வெளுப்பு நீர் எவ்வளவு வலுவானது என்று தெரியாததால்தான் அவர் அளந்தார். கே-லுசாக் 1824இல் பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1855இல் மோர் தம் தரம்பார்த்தல் நூலை வெளியிட்டார். இவர்கள் அனைவரும் தெரியாததை அறிவதற்கே துளிகளை எண்ணினார்கள். நம் மேசையில் நடப்பதோ தேர்வாளர் ஏற்கெனவே அறிந்ததை ஊகிக்கும் முயற்சி.

தமிழ்நாட்டின் ஊர்ப்புறத்தில் இதற்கு நேர்மாறான ஒரு பிப்பெட்டைக் காணலாம். பால் கூட்டுறவுச் சங்கங்களில் மின்னணுக் கருவிகள் பரவுவதற்கு முன், கெர்பர் முறையில்தான் கொழுப்பைப் பார்த்தார்கள். 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால், பிறகு மையவிலக்கில் சுழற்சி. அந்தப் பால் பிப்பெட் 0.2 மி.லி. குறைவாக ஊற்றினால், 4 விழுக்காடு கொழுப்புள்ள பால் 3.93 விழுக்காடாகத் தெரியும். கொழுப்பைப் பார்த்து விலை போடும் இடத்தில் அந்த வேறுபாடு மாடு வைத்திருப்பவரின் மடியிலிருந்து போகிறது. அங்கே ‘எதிர்பார்த்த வேல்யூ’ என்று ஒன்று இருக்க வழியில்லை. குழாயில் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். நம் ஆய்வகங்களில் பயிற்சி பெற்ற பிள்ளை நாளை அப்படி ஒரு மேசையில், அல்லது குடிநீரோ மருந்தோ பரிசோதிக்கும் கூடத்தில் உட்காரும்போது எந்தப் பழக்கத்தைக் கொண்டு செல்வார் என்பதுதான் என் கவலை.

முடிவுக்கு மட்டும் மதிப்பெண் கிடைப்பதால் கையின் திறன் கவனிப்பாரின்றிப் போகிறது. திருகுக்குக் கீழே நுனியில் சிக்கிய காற்றுக்குமிழி நடுவில் வெளியேறினால், குடுவையில் விழாத கரைசலும் அளவில் சேர்ந்துவிடும். கரைசல் ஊற்றிய புனலை மேலேயே விட்டுவைத்தால் அதிலிருந்து சொட்டும் துளி கணக்கைக் கெடுக்கும். பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது, அது தங்கும் என்று கணக்கிட்டே கோடு போடப்பட்டிருக்கிறது. பியூரெட்டை அதில் நிரப்பப் போகும் கரைசலால் அலச வேண்டும், கூம்புக் குடுவையை மட்டும் தண்ணீரால் அலச வேண்டும். மேசையருகில் இரண்டு நிமிடம் நின்றால் இவை அனைத்தும் கண்ணில் படும். இவற்றில் ஒன்றையும் செய்யாத மாணவரும் பக்கத்து மேசையின் எண்ணை எழுதி முழு மதிப்பெண் பெறலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்து, குலுக்காத கேனின் அடிக்கரைசலைப் பெற்ற மாணவர் இழக்கலாம். வாயால் உறிஞ்சும் வழக்கம் ரப்பர் குமிழுக்கு மாறாமல் இன்னும் பல பள்ளிகளில் தொடர்வதற்கும் இதுவே காரணம். பிள்ளை எப்படி உறிஞ்சினார் என்று யாரும் பார்ப்பதில்லை, யாரும் மதிப்பெண் குறைப்பதும் இல்லை.

செய்முறையைப் பார்த்து மதிப்பெண் போட்டால் பாரபட்சம் வரும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மாற்று இருக்கிறது. ஒவ்வொரு மேசைக்கும் சற்றே வேறு செறிவுள்ள கரைசலை எண்ணிட்ட புட்டியில் கொடுத்துவிட்டால், பக்கத்து எண்ணுக்கு மதிப்பு போய்விடும். ஒவ்வொரு அளவீடும் எடுத்தவுடன் பேனாவால் எழுதப்பட வேண்டும், அடித்தல் திருத்தலில் தேர்வாளர் சுருக்கொப்பம் இட வேண்டும். மூன்று அளவீடும், அவற்றின் சிதறலும், சிதறலுக்கான காரணமும் எழுதினால் அதற்கு மதிப்பெண். முடிவுக்கும் கொஞ்சம் இருக்கட்டும், கருவி அனுமதிக்கும் பிழை எல்லைக்குள் வந்தால் போதும் என்ற அளவில். இதற்குத் தேர்வாளருக்குக் கூடுதல் நேரம் வேண்டும், குழுக்கள் சிறிதாக வேண்டும். அரை நாளில் ஒரு பள்ளியை முடித்துவிட்டு அடுத்த பள்ளிக்கு ஓட வைக்கும் ஏற்பாட்டில் இது நடக்காது என்பதை அறிவேன். அந்த ஏற்பாட்டையும் சேர்த்தேதான் குறை சொல்கிறேன்.

ரெக்கார்டு நோட்டையாவது இப்போதே மாற்றலாம், அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. ஆண்டின் முதல் செய்முறை வகுப்பில் தரம்பார்த்தலே வேண்டாம். பிப்பெட்டில் 20 மி.லி. தண்ணீர் எடுத்து, தராசில் வைத்த குடுவையில் விட்டு, நிறையைக் குறிக்கச் சொல்லலாம். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், அது 19.9 கிராமை ஒட்டி வர வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஐந்து முறை செய்யட்டும். ஐந்தும் ஐந்து எண்ணாக வரும். அந்த ஐந்தையும் பேனாவால், வந்தபடியே, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவைத்து ஆசிரியர் கையெழுத்திடட்டும். அதற்குப் பிறகு வரும் எந்தப் பக்கத்திலும் 0, 19.5, 0, 19.5 என்றிருந்தால் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுக்கட்டும்.