நான்கு பேர் அறையும் ஆறு துறைக் கண்காணிப்பும்

பட்டாசு தயாரிக்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதில் நம் விதிகள் எதையும் விட்டுவைக்கவில்லை. தரையில் ரப்பர் விரிப்பு இருக்க வேண்டும். இரும்புக் கருவி கூடாது. ஆபத்து என்றால் ஓடிவிட ஏதுவாக வாசல்கள் இருக்க வேண்டும். உள்ளே நுழைபவர் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்க, வாசலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

இவ்வளவு விதிகள் இருந்தும் விருதுநகர் மாவட்டத்தில் சாவு நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024இல் இராமுதேவன்பட்டியிலும் செங்கமலப்பட்டியிலும் விபத்துகள் நடந்தன. 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டியில் மீண்டும் ஒன்று. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன, ஆலைகளுக்கு நோட்டீஸ் போகிறது, சில உரிமங்கள் தற்காலிகமாக ரத்தாகின்றன. தீபாவளி நெருங்கும்போது வேலை மறுபடியும் சூடுபிடிக்கிறது.

இதைப் பார்த்து, அரசு கண்டுகொள்வதே இல்லை என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மையில்லை. இந்தியாவில் இவ்வளவு துறைகளின் பார்வை விழும் சிறுதொழில் வேறு அதிகம் இருக்காது. வெடிபொருள் உரிமத்துக்கு மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்த மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. இவை போக வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை, காவல் துறை, தொழிலாளர் துறை. ஆக, ஆறு துறைகள். சிவகாசியில் உரிமங்களை அவை வரும் இடத்தை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள். வெடிபொருள் நிறுவனத்தின் தலைமையகம் தருவது நாக்பூர் லைசென்ஸ். அதன் சென்னை அலுவலகம் தருவது சென்னை லைசென்ஸ். மாவட்ட வருவாய் அலுவலர் தருவது டி.ஆர்.ஓ. லைசென்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இந்த மூன்று வகைக்குள் அடங்குகின்றன.

இந்த ஏற்பாட்டால் பலன் இல்லாமல் இல்லை. மிகப் பெரிய சான்று குழந்தைத் தொழிலாளர் விஷயம். எண்பதுகளில் சிவகாசி என்றாலே தீப்பெட்டிக் குச்சி அடுக்கும் பிள்ளைகளின் படம்தான் நாடெங்கும் நினைவுக்கு வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அன்று இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இன்றைய ஆலைகளில் பிள்ளைகளைப் பார்ப்பது மிக அரிது. சோதனைக்கு இதில் பங்கு உண்டு. பள்ளிச் சேர்க்கைக்கும் மதிய உணவுக்கும் பெற்றோரின் மனமாற்றத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிள்ளையை வேலையிலிருந்து எடுத்தால் அந்த வீட்டின் வருமானம் என்னாகும் என்ற கேள்வியை நீதிமன்றம் விட்டுவிடவில்லை. தடையோடு பிழைப்புக்கும் சேர்த்தே வழி சொன்னது.

வெடிவிபத்து விஷயத்தில் அந்தச் சேர்க்கைதான் இல்லை.

பட்டாசு வேலையில் பெரும்பகுதி எண்ணிக்கைக் கூலி. எத்தனை குழாய் அடைத்தோம், எத்தனை திரி வைத்தோம் என்பதற்கு ஏற்பக் கையில் காசு. நிதானமாக வேலை செய்தால் கூலி குறையும். வானத்தில் வண்ணம் சிதறும் பேன்சி ரகங்களுக்கு, மணி மணியாக உருட்டிய வெடிமருந்தான மணிமருந்து தேவை. அதைக் கையாளும்போது ஏற்படும் சிறிய உராய்வே தீப்பிடிக்கப் போதும். விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இந்த மணிமருந்தும் உராய்வும்தான். கையை மெதுவாக அசைக்க வேண்டிய வேலைக்கு, வேகமாக அசைத்தால்தான் கூலி என்று கணக்கு வைத்திருக்கிறோம். ஆய்வுக்கு வருபவர் ரப்பர் விரிப்பைப் பார்ப்பார், இடிதாங்கியைப் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார். கூலி கணக்கிடும் முறை அவருடைய படிவத்திலேயே வராது. அது பாதுகாப்புத் துறையின் வேலையும் அல்ல. தொழிலாளர் துறை கூலியைப் பார்க்கும், ஆனால் குறைந்தபட்சக் கூலி கிடைத்ததா என்று மட்டும் பார்க்கும்.

இரண்டாவது பிரச்சினை உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுவார். அவர் அறை அறையாகப் பிரித்துப் பலருக்கு விடுவார். நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் கூடுதலாக ஆட்கள் நெருக்கியடித்து உட்காருவதும், அறை போதாமல் மரத்தடியில் வைத்து மருந்து அடைப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன. குத்தகை எடுத்தவருக்கு அந்தச் சில மாதங்களுக்குள் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு அந்தக் கட்டடம் யாரிடம் போகும் என்று அவருக்கே தெரியாது. விதிப்படி இது குற்றம். அச்சங்குளம் விபத்தைத் தாமாக முன்வந்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உரிமம் ஒருவரிடமும் உற்பத்தி வேறு கைகளிலும் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

குத்தகை நடப்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஆய்வாளர் கையில் இருக்கும் தாள்களில் அது இருக்காது. உரிமதாரர் பெயரும் வரைபடமும் சரியாக இருந்தால் தாள் சரி. வாங்கிய மூலப்பொருள் எவ்வளவு, அனுப்பிய சரக்கு எவ்வளவு, தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் பதிவான ஆட்கள் எத்தனை பேர் என்ற மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உள்குத்தகை தானாகவே தெரியவரும். பத்துப் பேர் பெயரில் ஐம்பது பேர் செய்யும் சரக்கு வெளியேறியிருந்தால் அதை மறைக்க முடியாது. ஆனால் இந்தக் கணக்குகள் வெவ்வேறு துறைகளில் இருக்கின்றன. எந்தத் துறையும் மற்றதன் கணக்கைக் கேட்பதில்லை என்பதே இந்த ஆறு துறைக் காவலின் பெரிய ஓட்டை.

சிறு முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. டி.ஆர்.ஓ. லைசென்ஸ் ஒரே நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத வெடிபொருளுக்குத்தான். இன்றைய விலைவாசியில் அந்த அளவுக்குள் நின்று ஆலை நடத்திக் கூலியும் கொடுத்து மிச்சம் பார்ப்பது கடினம். போதாக்குறைக்கு, 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்பையும் சரவெடியையும் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. காற்று மாசைக் குறைக்கும் நோக்கம் சரியானதே. ஆனால் அந்த இழப்பைச் சிறு ஆலைகள் எப்படி ஈடுசெய்யும் என்று எந்த அரசும் உட்கார்ந்து பேசவில்லை. சட்டப்படி நடந்தால் கட்டுப்படியாகாது என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, மீறினால் பிடிப்போம் என்று காத்திருப்பது நல்ல நிர்வாகம் ஆகாது. அதற்காக அளவை மீறியது சரியென்று ஆகிவிடாது. சாவது முதலாளி அல்ல, அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்.

முதலிப்பட்டியில் நடந்ததை இங்கே நினைக்க வேண்டும். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் விபத்துக்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. அதாவது ஆய்வு நடந்திருக்கிறது, குறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, உத்தரவும் எழுதப்பட்டிருக்கிறது. வேலை மட்டும் நிற்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆலை நின்றால் முதலாளிக்கு நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். தொழிலாளிக்கு அதைவிட மோசம், ஆண்டின் முக்கியமான கூலி போய்விடும். ஆகவே பூட்டச் சொன்ன ஆலை திறந்திருந்தால், உள்ளே இருப்பவர்களில் யாரும் போன் எடுத்துப் புகார் சொல்லமாட்டார்கள். விதிமீறலை முதலில் பார்ப்பவர் தொழிலாளிதான். புகார் சொன்னால் முதலில் பிழைப்பை இழப்பவரும் அவர்தான். இந்த முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை ஆய்வுக் குழு போட்டாலும், குழு வரும் தகவல் முந்திக்கொண்டு போகும், போய்ச் சேரும்போது கதவு பூட்டியிருக்கும்.

வேலை நின்றால் இழப்பீடு என்று சட்டத்தில் இல்லாமல் இல்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாமல் போனால் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்பது பழைய தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் பெயர் பதிவேட்டில் இருப்பவருக்குத்தான் அது. குத்தகைக்காரரிடம் எண்ணிக்கைக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு அது எட்டாது.

வங்கதேசம் இதற்கு வேறு வழி கண்டது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் போட்டன. சுயேச்சையான பொறியாளர்கள் ஆலைகளை ஆய்வு செய்தார்கள். ஒவ்வோர் ஆலையின் அறிக்கையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. ஆபத்து என்று தெரிந்தால் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. பழுதுபார்க்க ஆலையை மூடினால் ஆறு மாதம் வரை வேலையும் வருமானமும் காக்கப்பட வேண்டும் என்ற விதியையும் அதில் எழுதினார்கள். இந்தக் கடைசி விதிதான் மற்றதையெல்லாம் தாங்கி நிற்கிறது. அந்த ஒப்பந்தத்தை அப்படியே சிவகாசிக்குக் கொண்டுவர முடியாது. அங்கே வாங்குபவர் பெயர்பெற்ற பன்னாட்டு நிறுவனங்கள். இங்கே வாங்குபவர்கள் நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் மொத்த வியாபாரிகள். அவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது கடினம். ஆனால் அறிக்கையை வெளியிடுவதற்கும், மூடிய நாட்களின் கூலிக்கு ஒரு நிதி வைப்பதற்கும் வெளிநாட்டு வியாபாரி தேவையில்லை. மாநில அரசும் உற்பத்தியாளர் சங்கங்களும் போதும்.

இந்திய அரசின் போக்கோ வேறு திசையில் இருக்கிறது. 2014 அக்டோபர் 16 அன்று தொழிலாளர் துறை ஆய்வுக்குக் கணினிக் குலுக்கல் முறை அறிமுகமானது. எந்த ஆலைக்குப் போவது என்பதை ஆய்வாளர் முடிவு செய்ய முடியாது, போய் வந்த 72 மணி நேரத்துக்குள் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று விதித்தார்கள். இதில் நன்மை இருக்கிறது. பணம் பிடுங்குவதற்காகவே ஒரே ஆலைக்கு அடிக்கடி போகும் அதிகாரியின் கையை அது கட்டியது, முதலாளிகளின் நெடுநாள் புகாருக்குப் பதில் சொன்னது. ஆனால் மணிமருந்து அடைக்கும் அறையையும் கணக்குப் பிள்ளை உட்காரும் அலுவலகத்தையும் ஒரே குலுக்கலில் போட முடியாது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கே அடிக்கடி போக வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஆய்வாளருக்கு வழிகாட்டி உதவும் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வழக்குப் போடுமுன் குறையைச் சரிசெய்ய முதலாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போனதற்கு அது பொருந்தும். மனிதத்தன்மையான ஏற்பாடும்கூட. வெடிமருந்து விஷயத்தில் அந்த அணுகுமுறை பரவினால், சரிசெய்யக் கொடுக்கும் அவகாசத்துக்குள்ளேயே உயிர் போய்விடும்.

1947இல் உருவான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949இலேயே ஏற்றுக்கொண்டது. முன்னறிவிப்பு இல்லாமல், பகலோ இரவோ எந்த நேரத்திலும் ஆய்வாளர் பணியிடத்துக்குள் நுழையலாம் என்றும், புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடக் கூடாது என்றும் அது சொல்கிறது. சிவகாசிக்கு இந்த இரண்டும் இன்றும் தேவை. புகார் தந்தவரின் பெயர் வெளியே போகாது, ஆலையைப் பூட்டினாலும் கூலி வரும் என்ற இரண்டு உறுதியும் ஒருசேரக் கிடைத்தால், விதிமீறலைச் சொல்ல ஆறு துறைகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறைக்குள் ஐந்தாவது ஆளை உட்கார வைக்கும்போதே, அந்த நால்வரில் ஒருவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட முடியும்.