மயனும் மும்மலமும்

பேராசை என்ற சொல் நம் எழுத்தாளர்களுக்கு ரொம்பவும் வசதியானது. அது ஒரு குணம். குணம் என்றால் அதைச் சுமக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிட்டால் தொந்தி, மோதிரம், கணக்குப்பிள்ளை, வைப்பாட்டி எல்லாம் தாமாகவே வந்து சேரும், கதை நடந்துவிடும். மிராசுதார் போய் மில் முதலாளி வந்தார். மில் முதலாளி போய் காண்ட்ராக்டர் வந்தார். முகங்கள் மாறின. ஒரு முகம் இருந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் மட்டும் மாறவில்லை.

முகமில்லாத ஒன்றைப் பற்றி, ஸ்தாபனத்தைப் பற்றி, எழுத நமக்கு வரவில்லை என்பது என் புகார். இந்தப் புகாரைத் திருவதிகையிலிருந்து தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது.

கெடிலக் கரையில், பண்ணுருட்டியை ஒட்டிக் கிடக்கிற ஊர். அட்ட வீரட்டங்களில் ஒன்று. சிவன் திரிபுரம் எரித்த தலம். தெற்கே பஸ் ஏறினால் நெய்வேலி. எரிப்பதைத் தெய்வச் செயலாக வைத்துக் கும்பிடும் ஊருக்குப் பக்கத்திலேயே, எரிப்பதைத் தொழிலாகச் செய்யும் ஊர். இந்தப் பொருத்தத்தை வைத்து ஒரு கவிதை எழுதிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். தோன்றுகிற கவிதைகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. கதையையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தாரகாக்ஷன், கமலாக்ஷன், வித்யுன்மாலி என்று மூன்று சகோதரர்கள். தவம் செய்து பிரம்மாவிடம் சாகாவரம் கேட்கிறார்கள். அது தரமுடியாது என்கிறார் பிரம்மா. சரி, அப்படியானால் எங்கள் அழிவுக்கான நிபந்தனைகளை நாங்களே சொல்கிறோம் என்கிறார்கள். பொன்னிலும் வெள்ளியிலும் இரும்பிலுமாக மூன்று கோட்டைகள்; மூன்றும் ஆகாயத்தில் திரியும்; ஆயிரம் வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றாக வந்து சேரும்; அந்தக் கணத்தில், ஒரே அம்பினால் மூன்றையும் துளைக்கக் கூடியவன் எவனோ அவன் அழிக்கட்டும். கோட்டைகளைக் கட்டித் தருகிறவன் மயன்.

இதில் பேராசை எங்கே இருக்கிறது? அசுரனின் முகத்தில் இல்லை. வரத்தின் ஷரத்துக்களில் இருக்கிறது. இன்றைய பாஷையில் சொன்னால், லைசென்ஸ் கேட்டுப் போனவர்கள் தங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளையும் தாங்களே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். விதி இருக்கிறது, ஆனால் அது ஆயிரம் வருஷத்தில் ஒரு கணம்தான் செல்லுபடியாகும். கையெழுத்துப் போடுகிற அதிகாரம் ஒன்று, கட்டிக் கொடுக்கிற தொழில்நுட்பம் ஒன்று, அனுபவிக்கிற உடைமை ஒன்று. புராணக்காரனுக்கு இந்த மூன்றும் வேறு வேறு என்பது தெரிந்திருக்கிறது. பிரம்மாவை அவன் வில்லனாக்கவில்லை. மயனையும் ஆக்கவில்லை. அமைப்பைச் சொல்லிவிட்டுப் போகிறான்.

பின்னால் திருமூலர் வந்தார். முப்புரம் எரிந்ததை வெளியே நடந்த சம்பவமாக எடுத்துக்கொள்கிறவர்களைக் கேலி செய்தார். புரம் மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்றார். ஆன்மீக அனுபவத்தின் தளத்தில் இது பெரிய தாவல், மறுக்கவில்லை. நெய்வேலி விவகாரத்துக்குத் திருமூலரைப் பொறுப்பாளியாக்கும் உத்தேசமும் எனக்கில்லை. ஆனால் அந்த வாசிப்பு ஜெயித்ததில் மயன் காணாமல் போனான். வரத்தின் ஷரத்துக்கள் காணாமல் போயின. மிஞ்சியது மனிதனின் உள்ளே இருக்கும் அழுக்கு. அதற்கப்புறம் நம் மரபில் பேராசை என்பது அகத்தைச் சுத்தம் செய்யவேண்டிய சமாச்சாரமாகவே இருந்து வந்திருக்கிறது. முற்போக்கு எழுத்தாளன்கூட, தான் மரபை உதறிவிட்டதாக நினைத்துக்கொண்டு, முதலாளியின் மும்மலத்தைத்தான் எழுதுகிறான்.

இதே திருவதிகைக்கு இன்னொரு கதையும் உண்டு. அப்பர் சூலை நோயோடு தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்தது இங்கேதான். பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், யானையை விட்டு மிதிக்கச் சொன்னான், கல்லில் கட்டிக் கடலில் தள்ளினான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அரசனுக்குப் பணியாத கவிஞன் என்ற வகையில் அப்பரை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். கதையின் கடைசிப் பகுதியை மேற்கோள் காட்டுவதில்லை. அதே மன்னன் பிறகு சைவனாகிறான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு வந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பிக்கிறான். அதிகாரம் கட்சி மாறியது. இடிக்கும் முறை மாறவில்லை. சேக்கிழாருக்கு இதில் உறுத்தல் ஏதும் இல்லை. நமக்கும் இல்லை.

இனி நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக எதுவோ வந்தது என்பதிலிருந்து வரலாறு தொடங்கும். 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், 1957இல் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார், 1961இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது, 1962இல் மின்சாரம். மண் வெட்டும் ராட்சத யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து, அனல் மின் நிலையம் சோவியத் உதவியில். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீரூற்று நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். இறைப்பதை நிறுத்தினால் குளம்.

இது தனியார் கம்பெனி அல்ல என்பதுதான் நம் இலக்கியவாதியைத் திகைக்க வைக்கும் இடம். லாபம் பொதுச் சொத்து, நஷ்டம் பொதுச் சொத்து, புகையும் பொதுச் சொத்து. மோதிரம் போட்ட விரல் எதுவும் இல்லை. போபாலில் 1984இல் விஷவாயு கசிந்தபோது யூனியன் கார்பைடு என்று ஒரு அன்னியப் பெயர் இருந்தது, ஆண்டர்சன் என்று ஒரு வெள்ளைக்கார முகம் இருந்தது. கோபத்துக்கு ஒரு விலாசம் கிடைத்தது. நெய்வேலியில் விலாசம் எது? உடைமையாளர் மத்திய அரசு. சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பதும் மத்திய அரசு. நிலத்தை எடுத்துக் கொடுப்பது மாநில அரசு. புகையையும் சாம்பலையும் மேற்பார்வை செய்வது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மின்சாரத்தை வாங்கும் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று மாநில மின்வாரியம்.

இதோடும் முடியவில்லை. 2006இல் இதன் பங்குகளில் ஒரு பகுதியை விற்க மத்திய அரசு முனைந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், கூட்டணியில் இருந்த தி.மு.க. எதிர்த்தது, முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2013இல் மறுபடியும். பங்குச் சந்தையில் பதிவான நிறுவனம் இத்தனை சதவீதமாவது வெளியாரிடம் இருக்கவேண்டும் என்று செபி விதி. அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா ஒரு யுக்தி சொன்னார்: தனியாருக்குப் போகவேண்டாம், நாங்களே வாங்கிக்கொள்கிறோம். சிப்காட், டிட்கோ உள்ளிட்ட ஐந்து மாநில அரசு நிறுவனங்கள் 3.56 சதவீதத்தை வாங்கின. தமிழ்நாட்டின் வெற்றி என்று கொண்டாடினோம். நானும் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். நிலம் எடுத்துத் தருகிறவர், தூசியை அளக்கிறவர், சரக்கை வாங்குகிறவர் ஆகிய மூவரும் இப்போது பங்குதாரரும் ஆகிவிட்டார் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

சுந்தரர் ஒரு தேவாரத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். திரிபுரம் எரிந்தபோது மூன்று அசுரர்கள் பிழைத்தார்களாம். அவர்களில் இருவர் சிவன் கோயிலுக்கு வாயில்காப்போர் ஆனார்கள், ஒருவன் அவர் ஆடும்போது முழவு வாசிக்கிறவன் ஆனான். பக்தியின் தளத்தில் இது கருணை. நான் அதை நிர்வாகத்தின் தளத்தில் படித்துக்கொள்கிறேன். எதை அடக்கப் போனோமோ அதுவே வாசலில் காவல் நிற்கிறது. இன்னொன்று மேளம் அடிக்கிறது.

சட்டத்தின் கதையும் இதே தினுசுதான். 1894ஆம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டம் ‘பொது நோக்கம்’ என்ற சொல்லைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று. 2013இல் பாராளுமன்றம் புதிய சட்டம் செய்து, நிலம் கொடுப்பவனின் சம்மதம், சமூக பாதிப்பு ஆய்வு, மறுவாழ்வு என்றெல்லாம் எழுதியது. தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கும் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வேண்டும் என்று தமிழ்நாடு தனக்கென 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டமன்றம் அவற்றை உயிர்ப்பித்து வேறொரு சட்டம் போட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. இதில் கழகங்களுக்கு இடையே கருத்து வேற்றுமை இல்லை. மேடையில் எத்தனை வசை பாடிக்கொண்டாலும் ஷரத்து எழுதும் மேஜையில் ஒரே கை.

2020இல் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை கொதிகலன் வெடித்தது: மே 7, ஜூலை 1. ஜூலையில் அந்த இடத்திலேயே இறந்தவர்கள் ஆறு பேர். ஆஸ்பத்திரியில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. பசுமைத் தீர்ப்பாயம் இடைக்கால அபராதம் ஐந்து கோடி என்றது. அபராதம் கட்டுவது பொது ஸ்தாபனம். அதாவது, செத்தவனும் அதில் ஒரு பங்கு கட்டுகிறான்.

செத்தவர்களில் பலர் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். இங்கேதான் நம் வில்லன் கதைகள் எட்டாத ஒரு இடம் இருக்கிறது. நெய்வேலி பயத்தினால் ஆளவில்லை, நம்பிக்கையினால் ஆளுகிறது. நிலம் கொடுத்தவனுக்கு வீட்டுக்கு ஒரு வேலை வரும் என்ற நம்பிக்கை. காண்ட்ராக்டில் இருப்பவனுக்கு ஒருநாள் நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கை. நிரந்தரமானவனுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், மகனுக்கு அதற்கு மேலே ஏதாவது. கடைக்காரனுக்குச் சம்பளத் தேதி. கிராமத்தில் ஒரே குடும்பத்தில் அண்ணன் சுரங்கத்தை எதிர்த்துக் கொடி பிடிப்பான், தம்பி கேட் பாஸ் வாங்க நிற்பான். இவர்களில் யாரைப் பேராசைக்காரன் என்பது? யாரை அப்பாவி என்பது? பாதிக்கப்பட்டவனின் ஆசையும் யந்திரத்தின் ஒரு பல்சக்கரமாக இருக்கும்போது, அனுதாபம் மட்டும் கொண்ட எழுத்து அங்கே நுழையமுடியாது.

தமிழில் இதற்கு முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டேன். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதியது. உப்பு கண்ணையும் காலையும் தின்பது அதில் பதிவாகியிருக்கிறது. ஆனால் எழுதியவரின் கருணை ஒவ்வொரு பக்கத்திலும் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. இரா. முருகவேளின் ‘முகிலினி’ சிறுமுகை விஸ்கோஸ் ஆலையையும் பவானி ஆற்றையும் எடுத்துக்கொண்டு, ஒரு ஆலையின் ஆயுளையே நாவலின் காலமாக்குகிறது. இது சரியான திசை. அதிகாரி, தொழிற்சங்கம், வழக்கு, ஆறு எல்லாம் ஒரே வலையில் வருகின்றன. தகவலின் கனம் சில இடங்களில் பாத்திரங்களைத் தரையோடு அழுத்திவிடுகிறது என்பது என் குறை. அந்தக் குறைக்காக அதை ஒதுக்கிவிட்டு மறுபடியும் மன விகாரங்களை எழுதப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எனக்கு மிக நெருக்கமாகப் படுவது கண்மணி குணசேகரனின் ‘நெடுஞ்சாலை’. விருத்தாசலத்துப் பக்கத்து எழுத்தாளர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்தவர். தற்காலிகமாக வேலைக்கு வரும் பையன்கள், டிப்போ, கிரீஸ், டியூட்டி, நிரந்தரம் ஆகுமா என்ற காத்திருப்பு. வில்லன் என்று ஒருவன் அங்கே வேண்டியதே இல்லை. அந்தக் காத்திருப்பு ஒன்றே மனிதர்களை வளைத்து வைத்திருக்கிறது. அரசாங்கம் என்கிற முதலாளியை அதன் பணிமனைக்குள் இருந்து பார்த்த எழுத்து. அதன் பாஷை நடுநாட்டு மண்ணின் பாஷை. கம்பெனி பாஷைக்கு எதிராக அது நின்று பேசுகிறது என்றுகூடச் சொல்லமுடியாது. கம்பெனி பாஷையைத் தின்று செரித்துவிடுகிறது.

கம்பெனி பாஷை என்றதும் ஒன்று. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 2016இல் ‘என்.எல்.சி. இந்தியா லிமிடெட்’ ஆனது. நெய்வேலி என்கிற ஊர்ப்பெயர் ‘என்’ என்ற எழுத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஊர்ப்பெயரை முதலெழுத்தாக்கி வைத்துக்கொண்டால் ஒரிஸ்ஸாவுக்கும் ராஜஸ்தானுக்கும் போக வசதி. இதைக் கவனித்த கவிஞர் யாரும் உண்டா?

2023இல் நடந்தவை இரண்டு. மார்ச் இறுதியில் மத்திய அரசு ஏலத்துக்கு விட்ட நிலக்கரித் தொகுதிகளில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி மூன்றும் இருந்தன. டெல்டா என்ற சொல் கிளம்பியது, சட்டமன்றம் பேசியது, முதலமைச்சர் கடிதம் எழுதினார், ஏப்ரல் 8ஆம் தேதி மூன்றும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. ஆக, கட்டுப்பாடு என்பது முடியாத காரியம் அல்ல. சில நாட்களில் முடிந்திருக்கிறது.

ஜூலை 26ஆம் தேதி, அதே சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் வளையமாதேவி. பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட வேண்டும். நிலம் வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பணம் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். நிலத்தில் பச்சை நெல் நின்றது. போலீஸ் பாதுகாப்போடு யந்திரங்கள் நெல்லுக்குள் இறங்கின. அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணி கேட்டார், அந்தக் காட்சியைப் பார்த்துத் தனக்கு அழுகை வந்தது என்றார். பிறகு பயிருக்கு ஏக்கருக்கு நாற்பதாயிரம் ரூபாய் நஷ்ட ஈடு என்று உத்தரவாயிற்று. செப்டம்பர் 15க்குள் விவசாயிகள் நிலத்தை விட்டுவிட வேண்டும் என்பதும் உத்தரவில் சேர்ந்தது.

இதைப் பற்றி வந்த கவிதைகள் நெல்லைப் பாடின, தாயைப் பாடின, யந்திரத்தை அரக்கன் என்றன. எனக்கு வேறு ஒரு ஆள்மேல் கவனம் போகிறது. அந்த யந்திரத்தின் மேல் உட்கார்ந்து லீவரைப் பிடித்திருந்தவன். எந்த ஊர்க்காரன், யாரிடம் தினக்கூலி, அந்தக் காண்ட்ராக்டரிடம் வருவதற்கு முன் யார் நிலத்தில் களை எடுத்தான், கதிர் பிடிக்காத பயிர் சக்கரத்துக்கு அடியில் போகும்போது அவன் முன்னால் பார்த்தானா, பின்னால் பார்த்தானா, அன்று சாயங்காலம் வவுச்சரில் எதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.