காளையின் எடையும் ஒரு மூட்டை ஏலக்காயும்

2019 மே 23 அன்று மதியம் என் தாய்மாமா ஒரு மூட்டை ஏலக்காயைத் தோற்றார். ஐம்பது கிலோ. தேனி மக்களவைத் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று கம்பத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்த பந்தயம். தமிழ்நாடு முழுக்க ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போகும்போது தேனி மட்டும் என்ன தனித் தீவா என்பது மாமாவின் கணக்கு. அது தனித் தீவாகத்தான் இருந்தது. அன்று எண்ணப்பட்ட 38 தொகுதிகளில் திமுக கூட்டணி 37ஐ எடுத்தது. விட்டுப்போன ஒன்று எங்களுடையது. அதிமுகவின் ஓ.பி. ரவீந்திரநாத், காங்கிரஸின் ஈ.வி.கே.எஸ். இளங்கோவனைச் சுமார் 76 ஆயிரம் வாக்குகளில் வென்றார்.

இந்த மூட்டையை நினைத்துக்கொண்டேதான் ஜேம்ஸ் சுரோவியெக்கியின் 'தி விஸ்டம் ஆஃப் கிரவுட்ஸ்' புத்தகத்தை மறுபடி படித்தேன். 2004இல் வந்தது. இன்று பாலிமார்க்கெட், கால்ஷி என்று உலகம் முழுக்கப் பேசப்படும் கணிப்புச் சந்தைகளுக்கு வேதம்போல மேற்கோள் காட்டப்படுவது. 'இவர் ஜெயிப்பார்' என்று ஒரு சீட்டு. ஜெயித்தால் அதற்கு ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம். அந்தச் சீட்டு இன்று அறுபது சென்டுக்கு விற்றால் ஜெயிக்க அறுபது சதவீத வாய்ப்பு என்று பொருள். அயோவா பல்கலைக்கழகத்தில் 1988இலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். வாயால் சொல்லும் கருத்தைவிடக் காசு வைத்துச் சொல்லும் கருத்து நாணயமானது என்பது இதன் அடிப்படை. எங்கள் பெஞ்சிலும் அதே தத்துவம்தான்: "சும்மா பேசாதப்பா, பந்தயம் கட்டு."

புத்தகம் ஒரு காளையோடு தொடங்குகிறது. 1906இல் இங்கிலாந்தின் பிளைமவுத் பக்கம் ஒரு கால்நடைக் கண்காட்சி. நிற்கும் காளையை அறுத்துச் சுத்தம் செய்தால் இறைச்சி எத்தனை ராத்தல் நிற்கும்? ஆறு பென்னி கொடுத்துச் சீட்டு வாங்கி எழுத வேண்டும். கூட்டத்தின் புத்தியில் நம்பிக்கையே இல்லாத பிரான்சிஸ் கால்டன் 787 சீட்டுகளை வாங்கிக் கணக்குப் போட்டார். சராசரி 1,197 ராத்தல். உண்மை எடை 1,198. அழகான கதை. முதல் தடவை படித்தபோது நானும் சொக்கித்தான் போனேன்.

இப்போது படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. 787 பேர் என்ன எழுதினாலும் காளை ஒரு ராத்தல் கூடவோ குறையவோ போவதில்லை. தேர்தல் அப்படியா?

என் அத்தை, மாமாவின் மனைவி, ஒவ்வொரு தேர்தலுக்கும் என்னிடம் கேட்பார்: "யாரு ஜெயிப்பாகன்னு சொல்லுய்யா, அவுகளுக்கே போட்டுருவோம். ஓட்டு வீணாப் போயிறக் கூடாதுல்ல." யாருக்குப் போடலாம் என்று கேட்கமாட்டார். அத்தை விவரம் தெரியாதவர் இல்லை. தோட்டக் கணக்கு முழுக்க அவர் விரல் நுனியில். தோற்றவருக்குப் போட்ட ஓட்டு செல்லாத நோட்டு மாதிரி என்பது இந்தப் பள்ளத்தாக்கில் பலருக்கும் உள்ள எண்ணம். அவர்களிடம் போய் 'இன்னார் அறுபது சென்ட்' என்று சொன்னால் அந்தத் தகவலே ஓட்டாக மாறும். காளை கொஞ்சம் எடை போடும். பார்க்கிறவர்கள் எழுபது சென்ட் கொடுப்பார்கள்.

சுரோவியெக்கி இதை அறியாதவர் அல்ல. கூட்டம் புத்திசாலியாக இருக்கச் சில நிபந்தனைகள் சொல்கிறார். அதில் முக்கியமானது, ஒவ்வொருவரும் அடுத்தவனைப் பார்க்காமல் சுயமாக முடிவெடுப்பது. சரி. ஆனால் விலை என்பதே அடுத்தவன் என்ன நினைக்கிறான் என்று எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி மாட்டும் பலகை அல்லவா? கால்டனின் ஆட்கள் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கவில்லை. சந்தையில் அந்தச் சீட்டுதான் நாள் முழுக்க டிவியில் ஓடுகிறது. புத்தகம் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறது என்பதே என் முதல் குறை.

சந்தை தப்பாகக் கணிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது சோம்பேறி விமர்சனம். 2024 அமெரிக்கத் தேர்தலில் ஒரு பிரெஞ்சுக்காரர், தியோ என்ற புனைபெயரில், பாலிமார்க்கெட்டில் டிரம்ப் மேல் கோடிக்கணக்கில் கட்டினார். 'உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார்' என்று சொந்தச் செலவில் கருத்துக்கணிப்பு நடத்திவிட்டுத்தான் இறங்கினார். ஜெயித்து, சுமார் 8.5 கோடி டாலர் லாபம் பார்த்தார். அறிவுக்குக் கிடைத்த கூலி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் அந்த விலையைப் பார்த்தவனுக்கு இது கூட்டத்தின் ஞானமா, ஒருவனுடைய பணமா, பிரச்சாரமா என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்கவில்லை. மூன்றும் ஒரே எண்ணாகத்தான் தெரிந்தன.

நம்மூரில் கணிப்புச் சந்தை இல்லை என்பார்கள். 2024 ஜூன் 1 மாலை வாக்குக் கணிப்புகள் பாஜக கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. 3ஆம் தேதி சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் பாஜக 240இல் நிற்க, 4,390 புள்ளி விழுந்தது. வேறு பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். கிரிக்கெட்டுக்கும் அரசியலுக்கும் 'ஆம் / இல்லை' விற்ற புரோபோ போன்ற செயலிகள் 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டத்தோடு கடையைக் கட்டின. தடையால் ஆசை போய்விடும் என்று நினைப்பவர்கள் ஒரு சாயங்காலம் குமுளியில் நின்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே ஒழிந்தது. மலை ஏறினால் கேரள லாட்டரி. தோட்ட வேலைக்குப் போய்விட்டு ஜீப்பில் இறங்குபவர்களின் சட்டைப் பைகளைக் கேளுங்கள்.

மாமாவின் கணக்கு எங்கே பிசகியது என்பதற்கு வருகிறேன். அதே 2019 ஏப்ரல் 18 அன்றுதான் ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்களும் நடந்தன. இரண்டுமே தேனி மக்களவைத் தொகுதிக்குள் வருபவை. இரண்டிலும் திமுக ஜெயித்தது. ஆண்டிபட்டியில் அண்ணன் தம்பியே எதிரெதிராக நின்றார்கள். ஒரே சாவடி, விரலில் ஒரே மை, இரண்டு எந்திரம், இரண்டு முடிவு. நடுவில் அமமுகவின் தங்க தமிழ்ச்செல்வன் 1.44 லட்சம் வாக்கு வாங்கியிருந்தார். இதை எந்தச் சென்ட் விலையும் சொல்லாது. மேலே அனுப்பும்போது கோபம் யார் மேல், கீழே சலுகை யாருக்கு, சாதிக்கணக்கு எது, கடைசி இரண்டு ராத்திரி எந்தத் தெருவுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று வோட்டர் போட்ட கணக்கு அதில் இருக்கிறது. மாமாவை ஜெயித்தவர் சொன்னது: "நான் ஊரைப் பாக்கலண்ணே, தெருவைப் பாத்தேன்." பந்தயக்காரனுக்கு முடிவு போதும். அரசியல் பேசுகிறவனுக்குக் காரணம் வேண்டும். விலை வந்ததும் காரணம் பேசுவது நின்றுபோகிறது.

இன்னொரு பயமும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றி, கம்பம், கூடலூர் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். இடுக்கித் தோட்டங்களிலிருந்து நம் கூலி ஆட்கள் கையில் கிடைத்ததோடு இறங்கி ஓடிவந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஓடியது ஒரே கேள்வி: அணை உடையுமா, உடையாதா? அந்த வாரம் அதற்கு ஒரு சந்தை இருந்து, புரளி கிளப்பினால் காசு என்றும் இருந்திருந்தால்?

மூட்டைக் கதை அதோடு முடியவில்லை. மே மாதம் கொடுத்தார். ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் என்று செய்தி. ஒரு குவியலுக்குக் கிடைத்த உச்ச விலை அது. சராசரி அதற்கு வெகு கீழே. மாமா அதைக் கேட்க மாட்டார். அவர் கணக்கில் மூன்றரை லட்சம் போயிற்று. பிறகு 2023 ஜூலையில், சொத்து விவரங்களை மறைத்தார் என்று ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் காலையிலேயே மாமா பெஞ்சில். "எலெக்சனே செல்லாதுன்னுட்டாய்ங்க, மூட்டைய எடு." மூட்டையாகவா, 2019 விலையில் காசாகவா என்று பஞ்சாயத்து. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; மாமா அடங்கினார். சிரிக்க வேண்டாம். 2025இல் 'ஜெலன்ஸ்கி கோட்-சூட் போடுவாரா' என்று 20 கோடி டாலருக்கு மேல் புரண்ட பாலிமார்க்கெட் பந்தயத்தில், அவர் போட்டது சூட்டா இல்லையா என்று அடித்துக்கொண்டார்கள். கடைசியில் 'இல்லை' என்று தீர்ப்பு. கம்பமாவது பரவாயில்லை, நீதிமன்றத்தைப் பார்த்துக் காத்திருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நாணயமாக இருக்காது. 2019இல் அத்தை கேட்டபோது, வந்திருந்த கருத்துக்கணிப்புகளையெல்லாம் படித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னவன் நான். அத்தை அப்படியே போட்டார். அதே தைரியத்தில்தான் மாமாவும் மூட்டையை வைத்தார். முடிவு வந்த அன்று அத்தை மூட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. "என் ஓட்டக் கெடுத்துட்டியேய்யா" என்றார்.

2024இல் தங்க தமிழ்ச்செல்வன் இந்த முறை திமுகவில், எதிரே அவருடைய பழைய தலைவர் டி.டி.வி. தினகரன். இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வரப்போகும் தேர்தல். மாமா பந்தயம் கட்டவில்லை. ஏப்ரல் 19 காலையில் அத்தை பூத் சிலிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார். தெரியலத்தே, என்றேன்.

"இம்புட்டுப் படிச்சும் தெரியலையாக்கும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை.