புலம்பும் தனிமையும்

'புலம்பு' என்னும் சொல்லுக்குத் 'தனிமை' என்று பொருள் எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவன், நெடுநல்வாடையின் அரசியை அறிந்துகொண்டான் எனக் கூற இயலுமா? தொல்காப்பிய உரியியல் அப்பொருளையே கூறுகிறது. அதனை மறுப்பார் இலர். ஆயினும், அறியாத சொல்லை அறிந்த சொல்லால் உணர்த்துவதே உரியியலின் நெறி. இரண்டும் எவ்விடத்தும் ஒன்றே என்பது அதன் கருத்தன்று.

நக்கீரர் காட்டும் அரசி தனியே இருக்கவில்லை. மகளிர் அவள் அடியை வருடுகின்றனர். நரை கலந்த கூந்தலையுடைய செவிலியர் சூழ்ந்திருந்து, தலைவன் விரைவில் வருவான் எனச் சிறியவும் பெரியவுமாக மொழிகள் பல கூறுகின்றனர். அவள் தேறினாள் அல்லள். மேற்கட்டியில் எழுதிய திங்களையும், அதனை விட்டு நீங்காத உரோகிணியையும் நோக்கி நெட்டுயிர்க்கிறாள். இத்துணைப் பேர் நடுவே இருப்பவளைத்தான் புலவர் புலம்போடு இருப்பதாகப் பாடுகிறார். 'தனிமை' என்று மட்டும் உரைத்து அமையும் ஆசிரியர், அச்செவிலியரை எங்கே அனுப்புவார்?

இக்கால வழக்கை எண்ணி, 'அழுது அரற்றினாள்' என்பதும் பிழையே. கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் தெறிக்கிறாள், அவ்வளவே. அவள் வாய் திறந்து பேசியதாகப் பாட்டில் இல்லை. (புலம்பல் என்றாலே முணுமுணுப்பு என்று கொள்ளும் இன்றைய பேச்சு வழக்கு, இவளை இன்னும் சிறுமைப்படுத்திவிடும்.) ஒருவன் இல்லாத குறையை ஊரே கூடினும் நிரப்ப இயலாத நிலைதான் ஈண்டுப் புலம்பு. அப்பாட்டின் முற்பகுதியிலும் காதலரைப் பிரிந்தோர்க்கு இச்சொல் வருதல் காண்க.

தனிமையோ துணையின்மையை மட்டும் குறிப்பது. இன்பமா துன்பமா என்பது இடம் நோக்கியது. திருவள்ளுவர் தீநட்பு அதிகாரத்தில் (814), போர்க்களத்தில் கைவிடும் குதிரை போன்ற நண்பரினும் தனிமை மேல் என்கிறார். அவ்விடத்தே 'புலம்பு' என்று மாற்றிப் படித்தால் குறள் கெடும். ஏகாந்தமோ நாடிப் பெறுவது. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் அதனை இனியவற்றுள் வைக்கிறது. திருமலையில் இரவின் இறுதி வழிபாடு ஏகாந்த சேவை எனப்படுகிறது.

பாசறையில் அரசனும் நள்ளிரவில் உறங்கவில்லை. புண்பட்ட வீரரைக் காணச் சிலரோடு மட்டுமே திரிகிறான். அரசியினும் அவனுக்கே துணை குறைவு எனலாம். ஆயினும் அவன் முன்னே வினை கிடக்கிறது. புலம்பு என்னும் சொல்லைப் புலவர் அவனுக்குத் தரவில்லை.