நான்கு கட்டங்களும் ஒரு ழகரமும்

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றை நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். ஒரே தோட்ட லயத்துச் சொந்தத்தில் ஒரு கிளையின் பேரப்பிள்ளைகள் இங்கே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படிக்க, இன்னொரு கிளை இலங்கையில் அட்டன் பக்கம் படிக்கிறது. வாசிப்பையும் எழுத்தையும் அளக்க இரு பக்கமும் கட்டம் போட்ட தாள் உண்டு. இங்கே ரூப்ரிக், அங்கே நியதிகள்.

சி.பி.எஸ்.இ. 2009இல் தொடர் மதிப்பீட்டைக் கொண்டுவந்தபோது நான்கு வளரறி மதிப்பீடுகளுக்கும் ஆண்டு மதிப்பெண்ணில் தலா 10 விழுக்காடு கொடுத்தது. வினையே அந்தக் கூட்டலில்தான். ஆண்டு மதிப்பெண்ணில் சேரும் என்று தெரிந்த பிறகு எந்த ஆசிரியருக்குக் குறைத்துப் போட மனம் வரும்? 2017இல் அந்த முறையே போயிற்று. இலங்கையில் நேர்மாறு. பாடசாலை மட்டக் கணிப்பீட்டின் பெறுபேறு சாதாரண தரச் சான்றிதழில் தனியே வரும், பரீட்சைப் பெறுபேற்றோடு சேராது. சேராததை யார் பொருட்படுத்துவார்? இங்கே தாள் மதிப்பெண்ணாக ஊதிப்போயிற்று, அங்கே கோப்பில் தூங்குகிறது. இரண்டில் இலங்கை வழியே மேல் என்பேன்; தூங்குவதை எழுப்பிவிடலாம்.

கச்சாலில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "பெரிய அழை வந்தது, நாங்கள் ஜல்தி ஓடினோம்" என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அந்தமான் நிக்கோபாரில் கடைத்தெருவும் கப்பல்துறையும் இந்தி பேசும்; 'சீக்கிரம்' என்று பொருள்படும் ஜல்தி பிள்ளைக்குத் தமிழாகவே படும். ரூப்ரிக்கில் 'மொழிநடை – நடுத்தரம்' என்று டிக் அடித்தால் பிள்ளைக்கு என்ன புரியும்? அதே கட்டத்தில், 'ல, ழ மாறுகிறது. வாய்விட்டுப் படித்தால் தானே பிடித்துக்கொள்கிறார்' என்றிருந்தால் நாளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

வாசிப்புக்கு இப்படி எழுதுவது இன்னும் சுலபம். எழுத்துக்கூட்டுகிறார், சொல் சொல்லாகப் படிக்கிறார், தொடராகப் படிக்கிறார், பொருள் அறிந்து நிறுத்திப் படிக்கிறார் என்று நாலு கட்டம் போதும். தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க அழகுதான், ஆனால் மொட்டுக்கு எங்கே தடுக்குகிறது என்பதைப் பெயர் சொல்லாது.

டெல்லியில் அச்சான தாளில் ஜல்திக்கு வரிசை இருக்காது. கச்சால் ஆசிரியர்தான் பேனாவால் ஒரு கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். அட்டன் ஆசிரியருக்கு அந்தக் கோடு வேண்டாம். அவருக்கு வேண்டியது, 'வந்திச்சி', 'போச்சி' என்று பேச்சு அப்படியே எழுத்தில் இறங்குவதற்கு ஒரு வரிசை.