கையில் பேசும் சுவர்

புதுச்சேரி குருசுக்குப்பத்துக் கடற்காற்றில் உப்பு அதிகம். சிமென்ட் பூச்சு சீக்கிரமே பொரிந்து உதிரும். தெற்கே கொஞ்சம் நடந்து வைசியாள் வீதிக்குப் போய், பழைய தமிழ் வீடு ஒன்றின் திண்ணையோரச் சுண்ணாம்புச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சித்திரை மாதத்திலும் சில்லென்று, பாலாடை போல வழுவழுவென்று இருக்கும். படம் எடுக்க வருகிறவர்கள் மரத்தூணோடும் கதவோடும் திரும்பிவிடுகிறார்கள். சுவரை யார் பார்க்கிறார்கள்?

இந்த வழுவழுப்புக்காகச் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். கடைசி மெல்லிய பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேரும். பிறகு ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்ப்பு. முதலில் சொரசொரவென்று கேட்கும் சத்தம், மெருகு ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். நல்ல கொத்தனார் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார் என்று தோன்றும். அவசரப்பட்டால் வெடிப்பு விழும். அசந்தால் மெருகு ஏறாது.

வைசியாள் வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. நியாயம்தான். இப்படிப்பட்ட வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விரிசலில் சிமென்ட்டை அப்பிவிடாதீர்கள், சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும்.