கக்கனை எளிமைக்குள் அடைத்துவிட்டோம்

கக்கனைப் பற்றித் தேடினால் கிடைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். மதுரை அரசு மருத்துவமனை, சாதாரண வார்டு, பார்க்க வந்து கலங்கிப்போன எம்.ஜி.ஆர்., கடைசியில் 'இப்படியும் ஒரு அமைச்சர்' என்று ஒரு பெருமூச்சு. படிப்பவர் கண் கலங்கும், நிஜம்தான். ஆனால் அந்த மனிதர் அரசியலில் என்ன செய்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. எனக்கு இதில்தான் உறுத்தல்.

மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952இல் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார். அப்போது மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்துக்கு ஒருவர், ஒதுக்கீட்டு இடத்துக்கு ஒருவர். பிறகு மாநிலக் காங்கிரஸ் தலைவர். 1957 முதல் பத்து ஆண்டுகள் அமைச்சர்: பொதுப்பணி, விவசாயம், உள்துறை. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் கையில்தான் இருந்தது. அவரோட சொந்த மேலூரோ பெரியாறு பாசனத்தின் கடைமடை. தண்ணீர் அரசியலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த அமைச்சர் வேறு யார்? அதைப் பற்றி அந்தக் கட்டுரைகளில் ஒரு பத்தி கூடக் கிடையாது.

அதே காமராசர் அமைச்சரவையில் இருந்த சி.சுப்பிரமணியம் என்றால் பசுமைப் புரட்சி என்கிறோம். ஆர்.வெங்கட்ராமன் என்றால் கிண்டி தொழிற்பேட்டை. கக்கன் என்றால் மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டில். மற்றவர்களுக்கு வேலை, பட்டியல் சாதியிலிருந்து வந்தவருக்கு வறுமை. பாராட்டு மாதிரி தெரிந்தாலும் இது ஓரவஞ்சனைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் நடந்த மோதலில் தொடங்கி இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலம் முழுக்கப் பற்றியது. துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. அரசுக் கணக்கிலேயே சாவு எழுபதை ஒட்டி. முதல்வர் பக்தவத்சலம், உள்துறை அமைச்சர் கக்கன். இரண்டே ஆண்டில் தேர்தல். மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். 'நேர்மையானவரைத் தோற்கடித்த ஜனங்கள்' என்று இதைச் சொல்பவர்கள் 1965ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்தத் தேர்தலில் விருதுநகரில் காமராசரும் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலமும் கூடத்தான் தோற்றார்கள். ஓட்டுப் போட்டவர்கள் அவர் நேர்மையை எடை போடவில்லை. ஒரு அரசாங்கத்துக்குத் தீர்ப்புச் சொன்னார்கள்.

கை சுத்தமாக இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து வருஷம் அதிகாரத்தில் இருந்தும் சொத்து சேர்க்காதது இன்றைக்கு அபூர்வம்தான். ஆனால் சுத்தமான கை என்பது அரசியல்வாதியின் குறைந்தபட்சத் தகுதி, முழு மதிப்பெண் அல்ல. அந்தக் கை எந்தக் கோப்பில் கையெழுத்திட்டது, எந்த உத்தரவைத் தடுக்காமல் விட்டது என்றும் கேட்கணும். அப்படிக் கேட்பதால் கக்கன் சிறுத்துவிட மாட்டார். இரக்கப்பட வேண்டியவராக இல்லாமல், ஆட்சி நடத்திய ஒருவராக அவரை மதிக்கிறோம் என்று அர்த்தம். அதற்குச் சட்டமன்ற விவாதக் குறிப்புகளை எடுத்துப் படிக்கணும். மருத்துவமனைக் கதையைத் திரும்ப எழுதுவது அதைவிடச் சுலபம், அவ்வளவுதான்.